தாஹான் மலையைவிட உயரத்தில் படுக்கை: வீட்டு வண்டிக் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வருடக்கணக்காகச் செம்பனை லாரி ஓட்டியவன் நான். மகள் அமெரிக்காவில் இருப்பதால், இரண்டு முறை வாடகை ஆர்வி எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. அடுத்த ஜூனில் போக நம் ஊரில் சில குடும்பங்கள் கிளம்புகின்றன. அவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

முடிதிருத்தும் கடைத் தம்பி: அண்ணே, லாரி லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம்பா, கார் லைசென்ஸ் போதும். ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள். 25 அடி வண்டிக்கு மேல் ஆசைப்படாதே. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், ஓடுவது சாலையின் வலது பக்கம். மலை ஏற ஏறக் காற்று மெலிவதால் பெட்ரோல் இன்ஜினின் பலம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அதைப் பழுது என்று பயப்படாதே. இறங்கும்போதுதான் கவனம். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் சின்ன கியரில் இறங்கு. போவதற்கு முன் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி இறங்கிப் பழகிக்கொள்.

தமிழாசிரியை ஒருவர்: கேமரன் குளிர் பார்த்தவர்கள்தானே நாம், ஐயா?

டீச்சர், கேமரனின் தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர். நம் தீபகற்பத்திலேயே உயரமான தாஹான் மலை 2,187 மீட்டர். யெல்லோஸ்டோன் ஏரியோ 2,357 மீட்டரில் கிடக்கிறது! ஜூனிலும் இரவில் தண்ணீர் உறையலாம், அதனால் படுக்கும் முன் வண்டிக்கு வெளியிலிருந்து தண்ணீர் வரும் குழாயைக் கழற்றி வைத்துவிடுங்கள். விமானம் இறங்கிய அன்றே மேலே ஏறாதீர்கள். சால்ட் லேக் சிட்டி ஏறக்குறைய 1,300 மீட்டர்தான், முதல் இரவை அங்கே கழியுங்கள். முதல் இரண்டு நாள் லேசான தலைவலி வரலாம், தூக்கம் கலையலாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். இருதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மகனோடு போகும் ஓர் அம்மா: சோறு ஆக்கலாம்தானே, தம்பி?

ஆக்கலாம்மா. ஆனால் முதல் முறை நாங்கள் தின்றது அரைவேக்காட்டு அரிசி. பானை தளதளவென்று கொதிக்கிறது, அடுப்பும் நன்றாக எரிகிறது, அரை மணி கழித்துப் பார்த்தால் நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொட்டு. பருப்பு அதைவிட மோசம். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு கூடாது. இரண்டாம் முறை சின்ன பிரஷர் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன், சாம்பார் வரை எல்லாம் நடந்தது. அரிசியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சி கலந்த எதையும் இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள், மசாலாத்தூளைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மீன் பொரித்த சட்டியை இரவில் வெளியே விடவே கூடாது. கரடி வரும். ஐஸ் பெட்டி, அடுப்பு, சட்டி எல்லாம் வண்டிக்குள் போய்க் கதவு பூட்டியிருக்க வேண்டும்.

வேன் டிரைவர்: இரவு எங்கே நிறுத்துவது?

சாலையோரத்தில் தூங்க அனுமதி இல்லை. பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் சேர்ந்து கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற ஒரே இடத்தில்தான். கரடி நடமாட்டத்தால் அங்கே கூடாரத்துக்கு இடமில்லை, கெட்டிச் சுவர் வண்டி மட்டும். மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். முதலில் இடம், பிறகு வண்டி, அப்புறம்தான் விமான டிக்கெட். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். விசாவை மறந்துவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அந்தக் கழிவை யார் கொட்டுவது?

நீங்கள்தான்! கையுறை போட்டுக்கொண்டு, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியை அடுத்துத் திறந்தால் அதே தண்ணீர் குழாயை அலசிவிடும். மாற்றிச் செய்தவன் சொல்கிறேன்.

கடைக்கார அண்ணன்: நுழைவுக் கட்டணம்?

வண்டிக்கு 35 டாலர். 2026 முதல் வெளிநாட்டவரில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். பெரியவர்கள் நாலு பேர் என்றால் 435 ஆகிவிடும். வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர், அதையே வாங்குங்கள்.

மீண்டும் அந்தத் தம்பி: இரண்டு நாளில் முடித்துவிடலாமா, அண்ணே?

எட்டு போட்ட மாதிரி ஓடும் உள்சுற்றுச் சாலை 229 கிலோமீட்டர், வேகம் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டருக்குள். நடுவில் காட்டெருமை நின்றால் நம் தோட்டத்து மாடு மாதிரி ஹாரன் அடித்து விரட்ட முடியாது. அதற்கு 23 மீட்டர், கரடிக்கு 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூன்று இரவு ஒரே இடத்தில் போடு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார். நான் பார்க்காத ஒரு காலையில் முதல் வளைவிலேயே சம்பால் பாட்டில் விழுந்து உடைந்து, மகள் வீட்டுக்குத் திரும்பும் வரை வண்டி பூரா பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாடை.