சிறுநீர் தானாக வருவதால் மட்டும் சிறுநீர்ப்பை குணமாகிவிட்டதா?

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை பார்த்த என் கணவர், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியபோது விழுந்து, நெஞ்சுப் பகுதியின் 4-ஆவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டது. ஓராண்டு கழிந்த நிலையில் சிறுநீர் தானாகவே வருவதால், வேளைக்கு வேளை டியூப் போடுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் சிறுநீர் வருவதற்கு முன் அவருக்குக் கடுமையான தலைவலியும் முகத்தில் வியர்வையும் உண்டாகின்றன. ஸ்கேனில் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வேறு பரிசோதனை தேவையா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கட்டாயம் தேவை, சகோதரி. முதலில் அந்தத் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுப் பகுதியின் 6-ஆவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பும்போது இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். நீங்கள் எழுதியிருப்பது அதன் அறிகுறியாகவே தெரிகிறது. அப்படி வந்தால் உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுங்கள். அடிவயிற்றை அழுத்த வேண்டாம். அதன் பிறகும் தலைவலி தணியாவிட்டால் அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவி பெற்ற பிறகே மலையிறங்குங்கள்.

சிறுநீர் தானாக வருவது குணமானதற்கு அடையாளமன்று. மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதால், பை சுருங்குகிற அதே நேரத்தில் அதன் வாயிலில் உள்ள சுருக்குத் தசையும் இறுகிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறிதளவு சிறுநீர் மட்டும் கசிய, மீதி தங்கிவிடுகிறது. இந்த அழுத்தம் பல மாதங்கள் நீடித்தால் சிறுநீரகமே பாதிக்கப்படும். உணர்வு இல்லாததால் அவருக்கு வலி தெரியாது. ஸ்கேனோ சேதம் ஏற்பட்ட பிறகுதான் காட்டும். தசைகள் மெலிந்துவிட்டவர்களுக்குக் சிறுநீரகச் செயல்பாட்டை அறிய இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவும் சரியாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றிவிடும்.

ஆகவே அளக்க வேண்டியது அழுத்தத்தை. யூரோடைனமிக் பரிசோதனையில் சிறுநீர்ப்பையிலும் ஆசனவாயிலும் மெல்லிய குழாய்களை வைத்து, உப்புநீரை மெதுவாக நிரப்பி, அழுத்தம் எப்படி ஏறுகிறதென்று பதிவு செய்வார்கள். சிறுநீரைத் தேக்கும் நிலையிலேயே அது 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று கருதுகிறோம். நிரப்பும்போதே தலைவலியும் இரத்த அழுத்த ஏற்றமும் வரக்கூடும் என்பதால், காயத்தின் மட்டத்தை முன்கூட்டியே சொல்லி, இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்தபின் எவ்வளவு தங்குகிறது என்பதையும் ஸ்கேனில் பார்க்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவற்றைக் குறித்து விசாரியுங்கள்.

அதுவரை காத்திருக்காமல், மருத்துவரிடம் இன்றே பேசி டியூப் போடுவதை மீண்டும் தொடங்குங்கள். மூன்று நாள்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேறியது, எப்போது கசிந்தது என்று எழுதி வாருங்கள். நோயைக் கணிக்க மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிதும் உதவும். சிறுநீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்தாலே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடக் கூடாது. காய்ச்சலோ, கால்களில் வழக்கத்தைவிட மிகுந்த இறுக்கமோ, புதிய கசிவோ இருந்தால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். முடிவு நன்றாக வந்தாலும் ஆண்டுக்கொரு முறை சிறுநீரக ஸ்கேன் எடுப்பதை நிறுத்தாதீர்கள்.