கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒட்டிய லோகோ டெக்கால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப் படலம்), லாக்கர் அடித்ததும் சுருங்கிவிடுவது ஏன்?

டெக்கால் காய்ந்த கையோடு லாக்கரை நனைய நனைய அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயிண்ட் கடைகளில் என்.சி. லாக்கர் என்று கேட்டு வாங்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில், புதிய பூச்சிலுள்ள தின்னர் பழைய பூச்சின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கிட்டார் பழுது பார்ப்பவர்கள் அதை விரும்புவதே இந்தக் குணத்துக்காகத்தான். ஆனால் அதே தின்னர் டெக்காலின் படலத்தையும் மையையும் விட்டுவைக்காது. அளவுக்கு மிஞ்சினால் படலம் ஊறி நெளியும், எழுத்தின் ஓரம் கசியும்.

சென்னையில் கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், இப்படிக் கெட்டுப்போன ஹெட்ஸ்டாக்குகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒருவர் மேப்பிள் மரத்தாலான கிட்டார் கழுத்து (நெக்) ஒன்றை மரச்சாமான் பாலிஷ் பட்டறையில் கொடுத்திருந்தார். அவர்கள் டெக்காலின் மேல் ஒரே கெட்டிப் பூச்சாக அடித்துவிட்டதால் எழுத்துகள் சுருக்கம் விழுந்து கிடந்தன. நல்ல மேசையைப் பளபளக்க வைக்கத் தெரிந்த கைகள்தாம். ஆனாலும் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லித் திருப்பியனுப்பும் வழக்கம் நம் பட்டறைகளில் குறைந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த ஹெட்ஸ்டாக்கின் முகத்தை மரம் வரை இழைத்துவிட்டு, முதலில் லாக்கரால் அடித்தளம் போட்டு, 800 எண் தாளால் நீர் விட்டுத் தேய்த்தேன். தேய்த்த மங்கலான பரப்பில் அப்படியே ஒட்டினால் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் மூட்டம் தெரியும். எனவே மீண்டும் ஒரு மெல்லிய பூச்சு அடித்துப் பளபளப்பை வரவழைத்த பிறகே டெக்காலைத் தொட்டேன். இன்க்ஜெட்டில் அச்சிட்டது என்றால் நீரில் போடும் முன் அதன்மேல் அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறியதும் படலத்தைத் தூக்காமல், ஈரமான பரப்பின் மேல் தாளிலிருந்து நழுவவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றியெடுத்தேன். ஓர் எழுத்தின் வளைவுக்குள் சிக்கிய குமிழியை மெல்லிய ஊசியால் குத்தி அழுத்தியதும் அது அடங்கியது.

இரவு முழுவதும் காய்ந்த பிறகு, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து, லாக்கர் ஏறக்குறைய உலர்ந்த தூசியாக வந்து படியும்படி அடித்தேன். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், பார்க்கவும் நன்றாயிராது; ஆனால் டெக்காலைக் காப்பது அந்தத் தூசிப் படிவுதான். அதன்மேல் இன்னும் சில மெல்லிய படிவுகள் சேர்ந்த பிறகே ஈரப் பூச்சு. பின்பு காயவிட்டு, படலத்தின் விளிம்பு ஒரு மேடாகத் தெரியும் இடத்தில் மட்டும் தேய்த்துச் சமன்செய்து, மறுபடி அடிக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அந்த மேடு மறையும் வரை இதை விடக்கூடாது.

1950களில் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் டெக்காலைப் பூச்சின் மேலேயே ஒட்டியதே, மூட வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், அதனால்தான் அக்காலக் கிட்டார்கள் பலவற்றில் லோகோ தேய்ந்தும் உதிர்ந்தும் போயிருக்கிறது. 1960களின் இறுதியில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியபோதும், அது டெக்காலோடு ஒத்துப்போகாததால், ஹெட்ஸ்டாக் முகத்துக்கு மட்டும் அவர்கள் லாக்கரையே தொடர்ந்தார்கள். அந்தக் கிட்டார்களில் முகம் மட்டும் கூடுதலாக மஞ்சளித்திருப்பதற்கு அதுவே காரணம்.

வேறு கம்பெனி நெக்கில் ஃபெண்டர் பெயரை ஒட்டித் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. இது கறார்த்தனம் என்று சொல்லப்படலாம். ஆனால் இன்று ஆசைக்கு ஒட்டியது நாளை கைமாறும்போது, அசல் என்று நம்பிப் பணம் கொடுத்து ஏமாறுவது பெரும்பாலும் சேமித்து வாங்கும் மாணவர்தான். உங்கள் பெயரையே ஒட்டிக்கொள்ளுங்கள். மேப்பிளில் கறுப்பு எழுத்து மிக அழகாக இருக்கும். சாதாரண இன்க்ஜெட்டில் வெள்ளையும் உலோகத் தங்க நிறமும் அச்சாகாது என்பதால், கரிய முகத்துக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

மழைக்காலத்தில் லாக்கர் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் சிக்கி வெள்ளை பூத்துவிடும், அவசரமென்றால், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்க வேண்டியிருக்கும். முகமூடி அணிந்து, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். சில வாரங்கள் ஆறவிட்டு, 1000 எண்ணில் தொடங்கி 2000 வரை நீர்த்தேய்ப்புச் செய்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றிய பிறகே, கம்பிகளை முறுக்கும் ட்யூனர்களைப் பூட்டுங்கள். லாக்கர் இறுகும் முன் ட்யூனரின் நட்டை முறுக்கினால் வாஷரின் தடம் பதிந்து, அந்த இடத்திலிருந்தே விரிசல் விடும்.