பெயர் வெட்டிய கல்லும் நிறையாத மனமும்

கேள்வி: பதினான்கு வருடங்கள் கட்டாரில் வேலை செய்து, இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்துவிட்டேன். கடன் இல்லை. ஊர்க் கோவில் மண்டபத்துக்கு என் செலவில் மாபிள் பதித்தேன். உபயகாரர் பெயரைக் கல்லில் வெட்டியபோது என் முதலெழுத்தைப் பிழையாக வெட்டிவிட்டார்கள். கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் பலமுறை சொல்லியும் திருத்தவில்லை. காசு தராத நிம்மதியைக் கோவில் தரும் என்று நம்பியிருந்தேன். அதுவும் கிடைக்கவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதம் மூன்று பக்கங்கள். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். அந்த மூன்றில் ஏறக்குறைய ஒரு முழுப் பக்கம் அந்த ஒற்றை எழுத்தைப் பற்றியது. இரண்டு வீடுகளைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருக்கிறீர்கள்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. வாழ்நாள் உழைப்பைக் கொட்டிக் கட்டிய தகப்பன், கலியாணம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கிவிடுவதை நாம் யாரும் தியாகம் என்று கூடச் சொல்வதில்லை. நீங்களும் அப்படித்தான் ஒதுங்கியிருக்கிறீர்கள். அதைப்பற்றிக் கடிதத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை; பேரப்பிள்ளை விடியற்காலையில் வந்து உங்கள் பாயில் படுத்துக்கொள்வதை மட்டும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எத்தனையோ இலட்சம் பெறுமதியான வீட்டைக் கொடுத்தபோது நோகாத மனம், கல்லில் ஓர் எழுத்துப் பிழைத்ததற்கு ஏன் இவ்வளவு நோகிறது? வீட்டை நீங்கள் கொடுத்தீர்கள். மாபிளை நீங்கள் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெயரை வாங்கினீர்கள், வாங்கிய பொருள் பழுதாக வந்துவிட்டது. கடுமையாகச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நம் ஊர்களில் குடி எனப்படும் ஒவ்வொரு தாய்வழிக் குலத்துக்கும் ஒரு நாள் திருவிழா என்றிருக்க, எந்தக் குடியின் திருவிழாவுக்கு மேளம் அதிகம் என்று எண்ணிப் பார்க்காதவர் நம்மில் யார்?

பொருளால் நிறைவு வராது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கட்டாரில் வைத்திருந்த அதே கணக்குக் கொப்பியைக் கோவிலுக்குள்ளும் கொண்டுபோய்விட்டீர்கள் என்பதுதான் சிக்கல். இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு நிம்மதி வரவேண்டும் என்று பக்தியையும் வரவு செலவாக எழுதினால், மாத முடிவில் அங்கும் துண்டு விழத்தான் செய்யும்.

சில வருடங்களுக்கு முன் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமத்துக்கு நடந்தேன். புறப்படும்போது என் பையில் மூன்று சாரம், இரண்டு துவாய், பால்மா, பிஸ்கட், ஒரு மேலதிகச் செருப்பு எல்லாம் இருந்தன. கும்புக்கன் ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தோள் வீங்கிவிட்டது. அங்கே முன்பின் அறியாத ஒரு வயோதிப மாது, “சாமி, இதையெல்லாம் ஆருக்குச் சுமக்கிறீங்க?” என்று கேட்டார். காட்டுப்பாதையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். அவர் என்னைக் கேலி செய்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. பால்மாவை அவருடைய கூட்டத்துக்கே கொடுத்தேன். இரவு அதில் தேநீர் ஊற்றி எனக்கும் ஒரு சிரட்டையில் தந்தார்கள். சீனி போதாது, புகை மணம் வேறு. அந்தத் தேநீரைக் குடித்தபோது நான் கொடுத்த பால்மா என்ற நினைப்பே எழவில்லை. அடுத்த நாள் நடக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆன்மிக நிறைவு என்று பெரியவர்கள் சொல்வது என்ன என்று என்னைக் கேட்டால், அந்த மறதியைத்தான் காட்டுவேன்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்கிறீர்கள். குருமண்வெளித் துறை உங்களுக்குக் கிட்டத்தானே இருக்கிறது? திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகன் கோவிலுக்குப் போய்வாருங்கள். அங்கே பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், திரைக்குப் பின்னால் பூசை செய்வார். காதுக்கு மந்திரமும் கண்ணுக்கு விக்கிரகமும் கிடைக்காத அந்த வேளையில் நமக்கு மிஞ்சுவது நம் மனம் மட்டுமே. முதல் நாள் அது அந்தக் கல்லைப் பற்றியே பேசக்கூடும். பேசட்டும். கல்லைத் திருத்தச் சொல்லி வண்ணக்கரிடம் இனிப் போகாதீர்கள்.

கேள்வி: ஆன்மிகத்தில் இறங்குவதென்றால் தொழிலையும் சம்பாத்தியத்தையும் விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: உங்கள் அயலூரான காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனனார், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியை விட்டு 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார், 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். துறந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். பாடசாலைகளை நடத்தக் காசு வேண்டியிருந்தது, அதையும் தேடினார். விட்டது உழைப்பை அல்ல, அது தனக்கென்ற எண்ணத்தை மட்டுமே. நீங்கள் தையல் கடை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கடையை மூட வேண்டாம்; பழகவரும் பிள்ளைகளுக்கு வெட்டும் முறையை ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.