குட்டை பேரல் ரைஃபிளுக்கு எந்த லோயர்? கேள்வி பதில்

அமெரிக்காவில் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அந்த ரைஃபிள் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடும். கூட்டாட்சித் துப்பாக்கித் துறையான ஏ.டி.எஃப்.பில் பதிவு செய்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் அதைச் சேர்த்துக் கட்டலாம். ஏ.ஆர்.-15 வகையில் சட்டம் துப்பாக்கி என்று பார்ப்பது ட்ரிகரும் மேகசினும் பொருந்தும் கீழ்க்கூடான லோயர் ரிசீவரை மட்டுமே. பேரல், அது பொருந்திய மேல்கூடான அப்பர், தோளில் வைக்கும் ஸ்டாக் எல்லாம் உதிரிபாகம். பதிவும் லோயரின் வரிசை எண்ணோடுதான் போகும்.

கேள்வி: 60 டாலருக்கும் லோயர் கிடைக்கிறது, 350 டாலருக்கும் கிடைக்கிறது. பதிவு செய்யப்போகிற லோயர் என்பதால் விலை கூடியதைத்தான் வாங்க வேண்டுமா சார்?

வேண்டாம். 7075-டி6 அலுமினியத்தை அச்சில் அடித்து உருவாக்கிய லோயர் எந்தப் பெயரில் வந்தாலும் போதும். அச்சில் அடித்துத் தரும் பட்டறைகள் சிலதான். பல பிராண்டுகள் அவற்றிடம் வாங்கி, கடைந்து, தங்கள் முத்திரையைப் போட்டு விற்கின்றன. பில்லட் என்பது முழுக்கட்டியிலிருந்து வெட்டி எடுப்பது. பார்க்க அழகு, வலு கூடுதல் என்று சொல்ல முடியாது. பில்லட் வாங்கினால் 6061-ஆ 7075-ஆ என்று கேட்டு வாங்குங்கள். வளையாமல் தாங்குவதில் 6061-ஐவிட 7075 ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

பாலிமர் (பிளாஸ்டிக்) லோயரை மட்டும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அது விரிசல் விடுவது பெரும்பாலும், பின்னால் ஸ்டாக்கைத் தாங்கும் குழாயான பஃபர் ட்யூப் திருகப்படும் வளையத்தில். சாதாரண ரைஃபிள் என்றால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பதிவான லோயர் உடைந்தால் அந்தப் பதிவை இன்னொரு லோயருக்கு மாற்ற முடியாது. கைரேகையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி: ஃபார்ம் 1-ல் நானே செய்வதா, ஆலையிலேயே குட்டையாகச் செய்ததை ஃபார்ம் 4-ல் வாங்குவதா? 200 டாலர் வரி இப்போது உண்டா?

2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கு வரி பூஜ்யம். போனது வரி மட்டுமே. படிவம், கைரேகை, புகைப்படம், காத்திருப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. லோயரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஃபார்ம் 1 தான் வழி. ஃபார்ம் 4-ல் உங்கள் பெயரைப் பொறிக்கும் வேலை கிடையாது, ஆனால் ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி டீலரிடமே கிடக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரணக் குடிமகனுக்கு இரண்டு வழியும் அடைப்பு.

கேள்வி: பெயர் பொறிப்பதில்தான் குழப்பம், அண்ணா. எங்கே, என்ன, எவ்வளவு ஆழம்?

ஃபார்ம் 1-ல் நீங்கள்தான் தயாரிப்பாளர். அதனால் உங்கள் பெயர், ஊர், மாநிலம் பொறிக்கப்பட வேண்டும். லோயரில் ஏற்கெனவே இருக்கும் வரிசை எண்ணையும் மாடலையும் அப்படியே பயன்படுத்தலாம். எழுத்தின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். பேரலில் வேண்டாம், அதை நாளைக்கே மாற்றுவீர்கள். லோயரில், மேகசின் நுழையும் பகுதியின் பக்கவாட்டிலோ அதன் முன்முகத்திலோ பொறிப்பதே நல்லது. பக்கவாட்டில் பெரிய படங்கள் செதுக்கிய லோயர்களில் இதற்கு இடமே இருக்காது. வாங்கும்போதே வெற்றுப்பரப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு: கேடயத்திலும் கோப்பையிலும் எழுதும் லேசர் கடையில் கொடுப்பது. அவர்கள் அனோடைஸ் பூச்சின் நிறத்தை மட்டும் வெளுப்பாக்கித் தருவார்கள். எழுத்து பளிச்சென்று தெரியும். நகத்தால் தடவினால் தட்டாது. அது செல்லாது. உலோகத்தில் எவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்டு, ஒரு துண்டு அலுமினியத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒப்புதல் வந்தபின், பாகம் எதுவும் மாட்டாத வெறும் லோயராக எடுத்துப் போய், முடியும்வரை கூடவே நின்று வாங்கி வாருங்கள். ஒரு ராத்திரி கடையில் விட்டுவர வேண்டுமென்றால் அந்தக் கடைக்குத் துப்பாக்கி உரிமம் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. ஃபார்மில் எழுதிய பெயரும் பொறிக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு அட்டையில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டிரஸ்ட் பெயரில் பதிவதென்றால் டிரஸ்டின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும். முப்பது எழுத்துக் குடும்பப் பெயரை டிரஸ்டுக்கு வைத்துவிட்டு, லோயரில் இடம் தேடி அலையாதீர்கள்.

கேள்வி: டிரஸ்ட் தேவையா? வீட்டில் மனைவிக்கும் பெட்டகத்தின் எண் தெரியும்.

தனிநபர் பெயரில் பதிந்தால், நீங்கள் இல்லாதபோது அது இன்னொருவர் கைக்கு எட்டக் கூடாது. டிரஸ்டில் மனைவியையும் பொறுப்பாளராகச் சேர்த்தால் அந்தச் சிக்கல் இல்லை. அவருடைய கைரேகையும் புகைப்படமும் போக வேண்டும், அவ்வளவே. அவர் இன்னும் தற்காலிக விசாவில் இருந்தால் டிரஸ்டிலும் சேர்க்காதீர்கள், பெட்டக எண்ணையும் மாற்றுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி. டெக்ஸாஸ் வேட்டை உரிமம் இருக்கிறது. ஃபார்ம் 1 போடலாமா?

குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. அந்த ஒற்றைக் கயிற்றில் குட்டை ரைஃபிளைத் தொங்கவிடுவது புத்திசாலித்தனமில்லை: உரிமம் காலாவதியான மறுநாளே நீங்கள் குற்றவாளி, விசாவும் போகும். கிரீன் கார்டு வரட்டும்.

கேள்வி: 10.5 அங்குல அப்பர் தள்ளுபடியில் கிடைக்கிறது. ஒப்புதலுக்கு முன்பே வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்?

பெட்டி பிரித்ததா பிரிக்காததா என்பது பொருட்டில்லை. ஸ்டாக் மாட்டிய லோயரும் அந்த அப்பரும் ஒரே வீட்டில் இருந்து, அந்த அப்பருக்குச் சட்டப்படியான வேறு உபயோகமும் இல்லையென்றால், சேர்த்துக் கட்டாமலே கட்டியதாகக் கொள்ள இடமிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1992-ல் தாம்சன்/சென்டர் வழக்கில் பேசியது இதைத்தான். அதில் பாகங்களை 21 அங்குல பேரல் கொண்ட ரைஃபிளாகவும் கட்ட முடியும் என்பதால் தயாரிப்பாளர் தப்பினார். தள்ளுபடி அடுத்த மாதமும் வரும்.

கேள்வி: 5.56, .300 பிளாக்அவுட், 9 மி.மீ. மூன்று வகைத் தோட்டாவுக்கும் ஒரே லோயர் போதுமா?

முதல் இரண்டுக்கும் போதும். லோயர், மேகசின், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் எல்லாம் ஒன்றே, பேரல் மட்டும் வேறு. ஆனால் மேகசின்களில் அடையாளம் போடுங்கள். .300 தோட்டா 5.56 பேரலில் ஏறி வெடித்தால் துப்பாக்கி சிதறும். 9 மி.மீ.-க்கு கிளாக் மேகசின் ஏற்கும் தனி லோயர் வாங்கி, தனியாகப் பதிவதே நிம்மதி. லோயரில் "மல்டி" என்று எழுதியிருந்தாலும் ஃபார்மில் நீங்கள் கட்டப்போகிற ஒரு காலிபரை (தோட்டா அளவை) எழுதுங்கள். பேரல் நீளத்தை, போல்ட்டை மூடிவிட்டு முனை வழியாகக் குச்சி விட்டு அளக்க வேண்டும். மொத்த நீளத்தை ஸ்டாக்கை முழுசாக நீட்டி அளக்க வேண்டும்.

கேள்வி: கட்டும்போது எதில் கவனம்?

மூன்று இடங்கள். விசைக்குக் காப்பான ட்ரிகர் கார்டின் ரோல் பின்னை அடிக்கும்போது லோயரின் காதுக்கு அடியில் மரக்கட்டை வைக்காமல் அடித்தால், காது பட்டென்று முறியும். ட்ரிகர் கார்டு லோயரோடு ஒன்றாகவே வரும் வகையை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. அடுத்து பஃபர் ட்யூப்: ராணுவ அளவான மில்-ஸ்பெக்கின் விட்டம் 1.148 அங்குலம், கமர்ஷியல் 1.168. மில்-ஸ்பெக் ஸ்டாக் கமர்ஷியல் ட்யூபில் ஏறாது. ட்யூபை லோயரோடு பூட்டும் கேஸில் நட்டை 40 அடி-பவுண்டு முறுக்கி, பின்தட்டை நட்டின் பள்ளத்தில் இரண்டு இடத்தில் குத்தி இறுக்குங்கள். பசை போடுவது மாற்றாகாது.

மூன்றாவது, பின்னால் ஓடிவரும் போல்ட்டைத் தாங்கும் பஃபரின் எடை. 10.5 அங்குல 5.56 பேரலில் வாயு அழுத்தம் அதிகம், 3 அவுன்ஸ் சாதாரண பஃபர் பெரும்பாலும் தாங்காது. சுட்டபின் வெளியேறும் வெற்று உறை முன்னால் ஒரு மணி, இரண்டு மணி திசையில் பறந்தால் போல்ட் வேகமாக ஓடுகிறது. எச்2 என்ற கனமான பஃபர் போடுங்கள், 4.6 அவுன்ஸ் பக்கம் வரும். நான்கு மணிப் பக்கம் விழுந்தால் விட்டுவிடுங்கள். அப்பரும் லோயரும் லேசாக ஆடுவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். குறி தவறுவதற்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஹூஸ்டனிலிருந்து லூசியானா எல்லை தாண்டிச் சுடப் போகலாமா?

ஏ.டி.எஃப்.புக்கு 5320.20 படிவம் அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு போகலாம். ஒரே இடத்துக்கு அடிக்கடி போவதென்றால் ஓராண்டுக்குச் சேர்த்தே கேளுங்கள்.