பிரிந்து வந்துவிட்டேன், என் கையெழுத்து இன்னும் அங்கேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் வேலை. மாதம் 17,000 ரூபாய் சம்பளம், பி.எஃப். பிடித்தம் உண்டு. எட்டு மாதமாகக் கணவரைப் பிரிந்து, ஒன்பது வயது மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். வழக்கு எதுவும் போடவில்லை. சம்பளம் இன்னும் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில்தான் விழுகிறது. என் 18 பவுன் நகையில் 11 பவுனை அவர் பெயரில் பேங்கில் அடகு வைத்திருக்கிறார், மீதி மாமியார் பீரோவில். அவர் பட்டறைக்கு வாங்கிய 3 லட்சம் கடனுக்கு நான் ஜாமீன். "மாதம் 5,000 தருகிறேன், கோர்ட்டுக்குப் போகாதே" என்றார். இரண்டு மாதம் தந்தார், அப்புறம் இல்லை. வருகிற மாசியில் மகளுக்குப் பத்து வயது முடிகிறது. அவளுக்காக எதில் சேமிக்கத் தொடங்கலாம்?

பதில்: எதில் சேமிப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் போட்ட கையெழுத்துகள். நீங்கள் கிளம்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. பேங்கிலும் பி.எஃப். பதிவிலும் கடன் பத்திரத்திலும் நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள். அங்கிருந்து உங்கள் பெயரைப் பிரித்தெடுக்காமல் போடும் சேமிப்பு எதுவும் உங்கள் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் சிம் கார்டைப் பாருங்கள். சட்ட ஆலோசனையில் சிம் கார்டா என்று சிரிக்க வேண்டாம். கணவர் ஆதாரில் வாங்கிய சிம்மாக இருந்தால் டூப்ளிகேட் வாங்க அவரால் முடியும், ஓ.டி.பி.யும் அங்கே போகும். உங்கள் பெயரில் புது எண் வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து, வேறு பேங்கில், உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லி கம்பெனியில் எழுதிக் கொடுங்கள். இது இந்த வார வேலை.

பழைய கணக்கு "இருவரில் யாரும் எடுக்கலாம்" என்ற முறையில் இருந்தால், அவர் மொத்தத்தையும் எடுத்தாலும் பேங்க் தடுக்காது. கோபத்தில் நீங்களும் துடைத்து எடுத்துவிடாதீர்கள், நாளை அந்த ஒரு காகிதத்தைத்தான் அவர் வக்கீல் முதலில் நீட்டுவார். ஸ்டேட்மென்ட் வாங்கி வைத்துக்கொண்டு, இனி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் தர வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் பேங்க் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

ஜாமீன் விஷயத்தில் ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128 படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. நீங்கள் பிரிந்து வாழ்வது பேங்குக்குச் சம்பந்தமில்லாத செய்தி. ஒருவேளை நீங்கள் கட்ட நேர்ந்தால் அந்தத் தொகையைக் கணவரிடம் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, ரசீதுகளை வைத்திருங்கள். உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கலாம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் வேறு கடன் ஏதாவது இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

நகை வேறு கதை. தாய்வீட்டில் போட்டதும் கல்யாணத்தில் உங்களுக்குப் பரிசாக வந்ததும் ஸ்ரீதனம். அது உங்கள் சொத்து, குடும்பச் சொத்து அல்ல. அதைக் கணவர் தன் இஷ்டத்துக்குக் கையாள்வது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் பொருளாதார வன்முறை என்ற தலைப்பிலேயே வருகிறது. அடி உதை இருந்தால்தான் இந்தச் சட்டம் என்று பல பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் நகையை விற்கவோ லாக்கரைத் திறக்கவோ கூடாது என்று தடை வாங்கலாம், 19(8)இல் நகையைத் திருப்பித் தரும்படி உத்தரவு கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தால் போதும். பேங்க் உங்கள் கையில் நகையைத் தராது, அடகு அவர் பெயரில் இருக்கிறது. அவர் வட்டி கட்டாமல் விட்டால் ஏல நோட்டீஸும் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே வராது. அதனால்தான் இதில் அவசரம். கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அடகுச் சீட்டை எப்போதாவது போனில் படம் எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

அந்த 5,000 ரூபாய்க்கு வருகிறேன். வாய்ப்பேச்சை நம்பி நீங்கள் விட்டது எட்டு மாதம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பது. பிரிந்த தேதியிலிருந்து அல்ல. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 125) உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். வேலைக்குப் போகிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளிவிட முடியாது. மகளைப் பராமரிப்பது எப்படியும் அவர் கடமை. இடைக்கால ஜீவனாம்சத்தை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும். இழுத்தாலும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். பட்டறை வருமானம் அங்கே வெளியே வரும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், 15100க்கும் அழைக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை கணவர் உங்கள் வாரிசு. உயில் இல்லாமல் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவில் உங்கள் சொந்தச் சம்பாத்தியம் மகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி முன்னால் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. பி.எஃப். திட்டத்தில் பெண் உறுப்பினருக்கென்றே ஒரு விதி உண்டு. கணவரைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று பி.எஃப். ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். தெரிவித்துவிட்டு, மகளை நாமினியாகப் போடுங்கள். மைனர் என்பதால் காப்பாளராக உங்கள் அம்மா பெயர்.

இப்போது சேமிப்பு. ஜீவனாம்சம் வரும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், 17,000தான் வருமானம். சம்பளம் விழுந்த மறுநாளே 1,500 ஆர்.டி.க்கு (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போகட்டும். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடம், நடுவில் முடிக்க மூன்று வருடமாவது ஆக வேண்டும். உங்கள் நிலையில் பணம் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது, அதனால் பேங்கில் ஒரு வருட ஆர்.டி. போடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை சீட்டு, நகைச் சேமிப்புத் திட்டம் எதுவும் வேண்டாம்.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு மட்டும் விலக்கு. பத்து வயது முடிந்துவிட்டால் கணக்குத் திறக்க முடியாது. தாயே காப்பாளராக இருந்து திறக்கலாம், கணவர் கையெழுத்து தேவையில்லை. வருடத்துக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய்தான், வசதி வரும்போது கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு தை மாதம் முடிவதற்குள் போஸ்ட் ஆபீஸுக்குப் போய்விட்டு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்காக அங்கே போய் நிற்க வேண்டாம், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் நகல் வாங்கிக்கொள்ளலாம்.