குர்குமின் அளவு தெரிகிறது, அப்பாவின் மாத்திரை தெரியவில்லையா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் இரத்தக்குழாய் அடைப்பால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாகவில்லை. மூளையைக் காக்கும் இயற்கைச் சேர்மங்களைப் பற்றிப் படித்து, மஞ்சளிலுள்ள குர்குமின் 500 மில்லிகிராம், ஜிங்கோ மர இலைச்சாறு 120, திராட்சையிலுள்ள ரெஸ்வெரட்ரால் 250 எனப் பட்டியலிட்டிருக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க அவர் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். பிரஷருக்கு ஏதோ ஒரு மாத்திரையை அம்மா கொடுக்கிறார். சில நாள் விட்டுப்போகும். எதை முதலில் தொடங்கலாம்?

பதில்: "ஏதோ ஒரு மாத்திரை" என்ற இடத்தைத் தாண்டி என்னால் உடனே மேலே படிக்க முடியவில்லை. இனிமேல் வாங்கப்போகும் மூன்று பொருள்களின் அளவு உங்களுக்கு மனப்பாடம். அப்பா அன்றாடம் விழுங்க வேண்டிய மருந்தின் பெயரும் தெரியாது, அது விட்டுப்போகும் நாள்களின் கணக்கும் தெரியாது.

நீங்கள் படித்த சேர்மங்களின் புகழ் பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. ஆய்வகத்தில் இரத்தக்குழாயை அடைத்து, அதற்குச் சற்று முன்போ சில மணி நேரத்துக்குள்ளோ மருந்தைச் செலுத்திப் பார்க்கிறார்கள். மனிதரின் மூளையில் பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் (நரம்புச் செல்கள்) அழிகின்றன. உங்கள் அப்பாவுக்கு அந்த நேரம் கடந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. இப்படிச் சோதனையில் இருந்த 1,026 சிகிச்சைகளை 2006இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. விலங்குகளிடம் பலன் தந்தவை மனிதரிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. குர்குமினை விழுங்கினால் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேரும். ஜிங்கோவோ குளோபிடோக்ரெலுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பிரஷர் மாத்திரையின் கதை வேறு. 2001இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், பக்கவாதமோ அதன் தற்காலிகத் தாக்குதலோ கண்ட 6,105 பேரைப் பின்தொடர்ந்தபோது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை மறு பக்கவாதத்தை 28 விழுக்காடு குறைத்தது. நீங்கள் தேடும் மூளைப் பாதுகாப்பு, உங்கள் வீட்டில் சில நாள் விட்டுப்போகும் அந்த மாத்திரையில்தான் இருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்லிவிடாதீர்கள். படுத்தவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மருந்தும் கொடுக்கும் ஒருவருக்குச் சில நாள் மறக்கத்தான் செய்யும். பெற்றவருக்குச் செய்ய வேண்டியதை அம்மாவிடம் விட்டுவிட்டு இரவெல்லாம் படித்துக்கொண்டிருப்பதைப் பிள்ளையின் கடமை என்று நான் ஏற்கமாட்டேன். இன்றிரவே மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரையும் அளவையும் எழுதுங்கள். காலை மருந்தை நீங்களே கொடுங்கள், அழுத்தத்தை அளந்து குறித்துவையுங்கள், இயன்முறை சிகிச்சையாளர் சொன்ன கைப்பயிற்சிக்கு அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் உங்கள் பட்டியலையும் சேர்த்தே கொண்டுபோங்கள். குறிப்பேட்டை முதலில் காட்டுங்கள்.