பெரியம்மாவுக்கு டாக்டர், பிள்ளைக்கு வெண்கட்டி

ஐயா, மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க வந்து உட்கார்ந்ததும் கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய குரல்பதிவைத்தான் போட்டுக் காட்டினீர்கள். "வெளிநாட்டுக்கு அனுப்பியாவது டாக்டராக்குங்கோ, முதல் வருசக் காசு நான் தாறன்." யோசிக்காதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டாம் வருடக் காசை யார் தருவது?

படித்து முடித்து வந்தாலும் இங்கே பதிவு பெற இன்னொரு பரீட்சை தேற வேண்டும். அதற்காகக் காணியை விற்கப் போகிறீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வெறுங்கையோடு கிளிநொச்சிக்கு வந்த உங்கள் தகப்பனார் காடு வெட்டி எடுத்த அரை ஏக்கர் மேட்டுக்காணி அது. விற்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரி, பிள்ளையைப் பார்த்தீர்களா? மருத்துவப் பேச்சு முழுக்கத் தலை குனிந்திருந்தவள், விறாந்தையில் அயல் பிள்ளைகளுக்கு அவள் படிப்பிப்பதைப் பற்றி நான் கேட்டதும் என் தாளை இழுத்து இதயத்தை வரைந்தாள். இடது கீழறைச் சுவர் ஏன் தடிப்பு? "வாளித் தண்ணியைப் பக்கத்துப் பாத்திக்கு ஊத்திறதுக்கும் கடைசி வாழைக்கு வீசிறதுக்கும் ஒரே பலமா சேர்?" வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு, இடது பக்கம் உடம்பு முழுவதற்கும். நான் படித்தபோது இப்படி யாரும் சொல்லித் தரவில்லை.

வவுனியா பூந்தோட்டத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. கட்டணமில்லை. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையொன்றில் பயிற்சி, மாதம் சிறு கொடுப்பனவு. முடித்தால் ஆசிரியர் சேவையில் நியமனம். பட்டம் வேண்டுமென்றால் படிப்பித்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தொடரலாம். முதல் நியமனம் வீட்டு வாசலில் கிடைக்காது, வெற்றிடம் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் ஒருநாள் அவள் ஊருக்கு வந்தால் நிற்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் விஞ்ஞான ஆசிரியர்கள் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிப் போய்விடுகிறார்கள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. மிச்சப் பாடத்தை யார் முடிப்பது என்பதுதான் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினை.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி, மருத்துவத்துக்கு அது போதாதென்று மூன்றாந்தரம் எழுதச் சொல்கிறீர்கள். கல்வியியற் கல்லூரிக்கு எந்த ஆண்டுப் பெறுபேறுகளுக்கு விண்ணப்பம் என்று வர்த்தமானியில் போடுவார்கள், வயதெல்லையும் உண்டு. வருடத்தைக் கடத்தினால் இந்த வாசலும் அடைபடும். வெட்டுப்புள்ளிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. விண்ணப்பிக்காதவருக்கு அந்தக் கவலையே இல்லை.

வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று திங்கட்கிழமையே கிராம அலுவலரிடம் பாருங்கள். வதிவிடத்தைக் காட்ட அது வேண்டும்; இடம்பெயர்ந்த குடும்பங்கள் நேர்முகத்தில் மாட்டுவது அதில்தான். பெரியம்மாவின் இலக்கத்தை எனக்குத் தாருங்கள், அவருடன் நான் பேசுகிறேன்.